கடலில் ஒரு முழுநாள்: சிங்கப்பூரிலிருந்து கப்பலேறுவோர் ஓய்வாகக் கழிக்கும் வழி

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களில் நம் குடும்பங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவை மூன்று அல்லது நான்கு இரவுப் பயணங்கள்தாம். பினாங்கு, புக்கெட், கிள்ளான் துறைமுகம் ஆகியவற்றுள் ஒன்றிரண்டைத் தொட்டுத் திரும்பும் இப்பயணங்களில், ஏதேனும் ஒரு நாள் கப்பல் எந்தக் கரையையும் அணுகாமல் முழுப்பொழுதும் கடலிலேயே சென்றுகொண்டிருக்கும். கரையிறங்கும் நாளுக்கு எங்கே சாப்பிடுவது, எந்தக் கோயிலுக்குப் போவது என்றெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்கும் நாம், இந்தக் கடல் நாளைப் பற்றி எதுவும் யோசிப்பதில்லை. கப்பலுக்குள்தானே இருக்கப்போகிறோம், ஓய்வு தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் அப்படிக் கிடைப்பதில்லை. காலை முதல் நள்ளிரவு வரை ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியை வைத்திருப்பது கப்பல் நிறுவனத்தின் வேலை. நடனப் பயிற்சி, வினாடி வினா, நகைக்கடைத் தள்ளுபடி, நீர்ச்சறுக்கு, மேடை நிகழ்ச்சி என்று அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சி நிரல் நிரம்பி வழியும். கட்டிய பணத்திற்கு எதையும் தவறவிடக்கூடாது என்று ஒவ்வொன்றிற்கும் ஓடினால், பொங்கோலில் வார நாளில் ஓடும் ஓட்டத்தைவிட அது அதிகமாகவே இருக்கும். ஆகவே ஓய்வை விரும்புகிறவர்கள் அதை ஒரு வேலையைப் போல முன்கூட்டியே திட்டமிட்டு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. எதையெல்லாம் செய்வது என்பதைவிட, எதையெல்லாம் விட்டுவிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே

கடல் நாளின் அமைதி பாதி, பயணச்சீட்டு வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. கப்பலின் முன்முனையும் பின்முனையும் அலையில் அதிகம் ஏறி இறங்கும். உயரமான தளங்கள் பக்கவாட்டில் அதிகம் அசையும். நீளவாக்கில் நடுப்பகுதியிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் அசைவு மிகக் குறைவு. தலைசுற்றலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு, குறிப்பாகப் பேருந்தில் போனாலே வயிற்றைப் புரட்டும் என்பவர்களுக்கு, நடுவிலுள்ள கீழ்த்தள அறையே ஏற்றது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்பது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு தளத்தின் வரைபடமும் இருக்கும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில், விடியும் முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை தலைக்கு மேல் கேட்கும். அரங்கத்துக்கோ நடன மண்டபத்துக்கோ மேலே உள்ள அறையில் நள்ளிரவு தாண்டியும் தாள அதிர்வு தரை வழியாக வரும். மேலும் கீழும் வேறு அறைகளே இருக்கும் தளத்தில் அறை எடுப்பதே நல்லது. மின்தூக்கிக்கு ஒட்டிய அறையையும் தவிர்க்கலாம். ஆனால் நடக்கச் சிரமப்படும் பெரியவர் உடன் வந்தால், ஓசையைப் பொருட்படுத்தாமல் மின்தூக்கிக்கு அருகிலேயே எடுத்துவிடுங்கள், ஏனெனில் பெரிய கப்பல்களின் நடைவழிகள் மிக நீளமானவை.

பால்கனி அறைக்குக் கூடுதல் வெள்ளி கொடுக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். நாள் முழுவதும் கேளிக்கையில் இருக்கப்போகிறவர்களுக்கு அது வீண். ஓய்வுக்காகப் போகிறவர்களுக்கோ, பயணத்தில் கூடுதலாகச் செலவிடத் தகுந்த ஒரே இடம் அதுதான் என்பது என் கருத்து. பானங்களுக்கான தொகுப்புக் கட்டணம், படம் எடுத்துத் தரும் சேவை ஆகியவற்றை விட்டுவிட்டாலே அந்தச் செலவில் ஒரு பகுதி ஈடாகிவிடும். பால்கனி கிடைத்தால் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். மலாக்கா நீரிணை சிங்கப்பூரிலிருந்து வடமேற்காக நீள்கிறது. அதனால் பினாங்கு, புக்கெட் நோக்கிப் போகும்போது இடப்பக்க அறைகளுக்கு மாலை வெயிலும் சூரியன் மறையும் காட்சியும், வலப்பக்க அறைகளுக்குக் காலை வெளிச்சமும் கிடைக்கும். திரும்பி வரும்போது இது தலைகீழாகும். உங்கள் கடல் நாள் போகும் வழியில் வருகிறதா, வரும் வழியில் வருகிறதா என்று பார்த்து அதற்கேற்பப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உட்புற அறைதான் அமைந்தது என்றாலும் கவலை வேண்டாம். சன்னலே இல்லாத அந்த இருட்டில் உறக்கம் ஆழ்ந்து வரும். விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் போவது மட்டுமே குறை. பல கப்பல்களில் முன்பக்கக் கேமரா காட்டும் கடற்காட்சி தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசையில் இரவும் பகலும் வரும். ஒலியை அணைத்து அதை ஓடவிட்டால், விடியும்போது அறையிலும் மெல்ல வெளிச்சம் படரும்.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதும் முக்கியம். மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் தீபகற்ப மலேசியாவும் மறுபுறம் சுமத்ராவும் அரணாக இருப்பதால், அங்கே கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். தென்சீனக் கடல் அப்படியன்று. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் வியட்நாம் பக்கம் செல்லும் கப்பல்கள் நன்றாகவே ஆடும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் முதன்முறையாகக் கப்பலேறும் குடும்பத்துக்கு, பினாங்கு வழியே பொருத்தமானது என்று தயங்காமல் சொல்வேன்.

பெட்டியில் வைப்பதும் கைப்பையில் வைப்பதும்

மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டால், அவை அறை வாசலுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், இன்சுலின், கண்ணாடி, மாற்றுடை ஒன்று, கடப்பிதழ் ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பயணத்துக்கு வெகு முன்னரே பார்த்துவிடுங்கள். மின்கெண்டி, சோறு பொங்கும் மின்பானை, இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேறும் கருவிகளைத் தீப்பாதுகாப்புக் காரணமாகக் கப்பல்களில் அனுமதிப்பதில்லை. சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

கடல் நாளுக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டியவை மிகச் சில. கழுத்தும் கையும் மூடும் மெல்லிய பருத்திச் சட்டை, அகன்ற தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு, குளிரூட்டப்பட்ட மண்டபங்களுக்கு ஒரு சால்வை, தேக்காவில் கிடைக்கும் இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம். புத்தகம் ஒன்று போதும். மூன்று எடுத்துச் சென்றால் எதையும் முடிக்க மாட்டீர்கள். பாட்டு, படம் எதுவானாலும் வீட்டிலேயே கைப்பேசியில் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்.

சைவ உணவு வேண்டுவோர் பயணச்சீட்டு வாங்கும்போதே அதைச் சொல்லிப் பதிவு செய்துவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து செல்லும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் இந்திய சைவ உணவு பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் வெங்காயம், பூண்டு வேண்டாம், முட்டை கலக்கக்கூடாது என்பன போன்ற விவரங்களை மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் சமையலறைக்கும் சிரமம், நமக்கும் காத்திருப்பு.

முதல் நாள் மாலையில் செய்து முடிக்க வேண்டியவை

வடக்குத் தெற்கு எம்ஆர்டி தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியர், 2014ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அங்கிருந்து கப்பல் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். ஹார்பர்ஃபிரண்டில் உள்ள பழைய நிலையத்திலிருந்தும் சில கப்பல்கள் புறப்படுவதால், எந்த நிலையம் என்பதைப் பயணச்சீட்டில் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறிய உடனே முடித்துவிட வேண்டியது பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் உயிரிழந்தனர். அன்று கப்பலேறியவர்களுள் பலருக்கு அதுவரை பயிற்சியே நடத்தப்படவில்லை. அதன்பின் அனைத்துலக விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்றானது. இப்போது பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, நமக்குரிய கூடும் இடத்துக்குச் சென்று அட்டையைக் காட்டினால் போதும். ஏழு குறுகிய ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும்தான் அபாய அறிவிப்பு. இதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்; நம் பங்குக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொண்டோம் என்ற நிம்மதி இல்லாமல் மனம் முழுதாக ஓய்வடையாது.

பிறகு கப்பலை ஒருமுறை நடந்து பாருங்கள். எல்லோரும் நீச்சல் குளத்தைச் சுற்றியும் உணவு மண்டபத்திலும் குவிந்திருக்கும் அந்த நேரத்தில், மறுநாள் நீங்கள் உட்காரப்போகும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும்: நிழல், காற்று, ஒலிபெருக்கி இல்லாமை. மேல்தளத்தில் இவை மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் கீழ்த்தளத்தின் வெளி நடைவழியில், படகுகளின் நிழலிலேயே சில நாற்காலிகள் கிடக்கும். உணவு மண்டபத்தின் பின்கோடியில் வெளியே திறந்த சிறு முற்றம் இருக்கும். நூலகம் இருந்தால் அதன் சன்னலோரம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். இரண்டு இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று காலைக்கு, மற்றொன்று பிற்பகலுக்கு.

கப்பல் மாலையில் புறப்படுவதாயின், அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் கடந்து, கூசு, செயிண்ட் ஜான் தீவுகளைத் தாண்டி, கப்பல் மேற்கு நோக்கித் திரும்பும். நீரிணையில் போக்குவரத்து இரு தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மேற்கே போகும் கப்பல்கள் சிங்கப்பூரை ஒட்டிய வடக்குத் தடத்தில் செல்ல வேண்டும். அதனால் வலப்பக்கம் நிற்பவர்களுக்குப் புக்கோம் தீவின் எண்ணெய்க் கலன்களும், சற்று நேரத்தில் சத்துமு தீவில் 1855ஆம் ஆண்டு முதல் ஒளி தந்துவரும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் தெரியும். நாம் வாழும் தீவைக் கடலிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சிறு பேச்சை முடித்துவிடுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் மறுநாளுக்கு ஒரே ஒரு விருப்பத்தைச் சொல்லட்டும். பிள்ளைக்கு நீர்ச்சறுக்கு, அம்மாவுக்கு மாலை மேடை நிகழ்ச்சி, மாமாவுக்குத் தொந்தரவில்லாத பகல் தூக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த ஒன்று கட்டாயம் நடக்கும். மற்ற எதுவும் கட்டாயமில்லை. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற எண்ணத்தையும் அந்த மேசையிலேயே விட்டுவிடுங்கள். சேர்ந்து சாப்பிடும் வேளைகள் இரண்டைக் குறித்துக்கொண்டால் போதும். நடுவில் யார் எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடல் நாளின் காலை

சூரிய உதயத்தைப் பார்க்க நள்ளிரவிலேயே எழ வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது சிங்கப்பூரின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் இங்கே ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே விடிகிறது, மேற்கே போகப் போக இன்னும் தாமதமாகிறது. ஆறரை மணிக்கு எழுந்து, ஒரு கோப்பைக் காப்பியோடு வெளி நடைவழிக்குப் போனால் போதும். அந்த வேளையில் அங்கே நடைப்பயிற்சி செய்யும் முதியவர் சிலரும் தளத்தைக் கழுவும் ஊழியர்களும் மட்டுமே இருப்பார்கள். இரவு முழுவதும் குளிர்ந்திருந்த கைப்பிடிக் கம்பியில் உப்புநீர் பனித்துளியாகப் படிந்திருக்கும். கை வைத்தால் பிசுபிசுக்கும். கீழே கப்பலின் பக்கவாட்டில் பிளந்து ஓடும் வெண்ணுரையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். சில சமயம் பறவைமீன்கள் அந்த நுரையிலிருந்து தெறித்து, நீர்ப்பரப்பை உரசினாற்போல் வெகுதூரம் பறந்து சென்று விழும். கண் பழகும்வரை அவை தெரியாது, பழகியபின் விடாது.

காலை உணவுக்குக் கூட்டம் சேரும் நேரம் பெரும்பாலும் எட்டரை முதல் பத்து மணி வரை. அதற்கு முன்பே போய்விடுங்கள், அல்லது பஃபேயை விட்டுவிட்டு, பரிமாறும் உணவகத்தில் உட்காருங்கள். அநேகக் கப்பல்களில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்காமல், மேசையில் அமர்ந்து ஒருவர் வந்து கேட்கச் சாப்பிடுவது வயதானவர்களுக்குப் பெரிய ஆறுதல். பஃபேயில் சாப்பிட்டாலும் முதல் சுற்றில் எதையும் எடுக்காமல் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு தட்டை எடுங்கள். தேவையற்றவை தட்டில் ஏறாது. நம் சமூகத்தில் சர்க்கரை நோய் பரவலாக இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கப்பலில் மணிக்கொரு தின்பண்டம் கண்ணில் படும், மாத்திரை போடும் நேரத்தை ஒட்டியே உணவு நேரத்தையும் வைத்துக்கொண்டால் உடம்பும் நாளும் கெடாது.

சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டு நீரில் கழுவுங்கள். வாசலில் தெளிக்கும் கிருமிநாசினி மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்; வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கிக் கப்பல்களில் விரைவாகப் பரவும் நோரோவைரஸை, சாராயம் கலந்த கிருமிநாசினி முழுமையாக அழிப்பதில்லை.

பத்து மணிக்கெல்லாம் குளக்கரை நிரம்பிவிடும். துண்டைப் போட்டு நாற்காலி பிடித்து வைக்கும் போட்டியில் இறங்கவே இறங்காதீர்கள். நீந்த வேண்டுமென்றால் காலை உணவுக்கு முன்போ, எல்லோரும் இரவு உடைக்கு மாறப் போகும் மாலை ஆறு மணிக்கோ போகலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். கடல்நீர் வெயிலைத் திருப்பியடிக்கிறது, காற்று வீசுவதால் சுடுவதே தெரிவதில்லை. பகல் 11 முதல் 3 வரை திறந்த தளத்தில் கிடப்பது ஓய்வன்று, உடம்புக்குத் தண்டனை.

எதைப் பார்த்துக்கொண்டிருப்பது

கடலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மலாக்கா நீரிணை ஒரு நல்ல பதில். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியில் எந்நேரமும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஏதேனும் ஒரு கப்பல் இருக்கும். வடமேற்கே போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால், எதிர்த்தடத்தில் சிங்கப்பூரை நோக்கி வரும் கப்பல்களை வரிசையாகப் பார்க்கலாம். மத்தியக் கிழக்கிலிருந்து கிழக்காசியாவுக்கு எண்ணெய் ஏற்றிவரும் கப்பல்கள் சுமையால் தாழ்ந்து, தளம் நீரோடு ஒட்டினாற்போல் வரும். எண்ணெய் இறக்கிவிட்டு நம்மோடு ஒரே திசையில் திரும்பிப் போகும் கப்பல்களோ உயர்ந்து மிதக்கும். நீருக்குள் இருக்க வேண்டிய செந்நிற அடிப்பகுதி வெளியே தெரியும். பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், சுமையுள்ளது எது, சுமையற்றது எது என்று அவனே ஒரு மணி நேரம் எண்ணிக்கொண்டிருப்பான். இருட்டியபின் விளக்குகளைப் பார்க்கலாம்: ஒவ்வொரு கப்பலும் தன் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் காட்டும், ஆகவே தெரியும் நிறத்தை வைத்தே அது எந்தப் பக்கமாகப் போகிறது என்று கணிக்கலாம். தாய்லாந்துக் கடற்பகுதிக்குப் போய்விட்டால், கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் தொடுவானத்தில் பளிச்சென்று எரிவதையும் காணலாம்.

பெரியவர்கள் உடன் இருந்தால் இந்த நேரம் பேச்சுக்கு உகந்தது. இதே நீர்வழியில்தான் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு நம் முன்னோர் வந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1973 வரையிலும், அதன்பின் எம்.வி. சிதம்பரம் 1985இல் தீவிபத்துக்குள்ளாகும் வரையிலும் அவ்வழியில் ஓடின. அவற்றில் தளப் பயணியாகப் பாயை விரித்துப் படுத்து வந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை நிழலான இடத்தில் அமர்த்தி, ஒரு தேநீரை வாங்கிக் கொடுத்து, அந்தப் பயணத்தைப் பற்றிக் கேளுங்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே குளித்தார்கள், பினாங்கில் யார் இறங்கினார்கள் என்று சிறு சிறு கேள்விகளாகக் கேட்டால், வீட்டில் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ள அவர்களிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். கப்பலின் எந்த நிகழ்ச்சியையும்விட அந்த ஒரு மணி நேரம் குடும்பத்துக்கு மதிப்புமிக்கது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைப்பேசி

கரையை விட்டு விலகியதும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். அதன் கட்டணம் வழக்கமான வெளிநாட்டுச் சேவைத் திட்டங்களுக்குள் பெரும்பாலும் அடங்காது, மிக அதிகமாகவும் வரும். புறப்பட்டவுடனே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் வைஃபையில் இணைந்தால், நிகழ்ச்சி நிரலைக் காட்டும் கப்பல் செயலி பொதுவாக இலவசமாகவே வேலை செய்யும். இணையத் தொகுப்பை வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் சூழ்நிலை. ஊரில் உடல்நலமில்லாத பெற்றோர் இருப்பவர் வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படி வாங்கினாலும் ஒரு கருவிக்கு மட்டும் வாங்கி, காலையிலும் இரவிலும் பார்த்துவிட்டு அறைப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். அலுவலகத்தில் முன்பே சொல்லிவைத்துவிட்டால் மனம் அதன் பின்னால் போகாது. நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: தாய்லாந்து நேரம் நம்முடையதைவிட ஒரு மணி பின்தங்கியது, கரையை நெருங்கும்போது கைப்பேசி தானாக மாறிக்கொள்ளலாம். கப்பல் நேரம் எதுவென்று அறிவிப்பில் பார்த்து, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல்

மதிய உணவுக்குப்பின் இரண்டு மணி நேரம் அறையில் படுத்துவிடுங்கள். பகலில் தூங்குவது வீண் என்று எண்ணுகிறவர்களும் கப்பலில் தூங்கிப் பார்க்கலாம். இயந்திரத்தின் மெல்லிய முனகலும் மிக இலேசான அசைவும் சேர்ந்து, வீட்டில் வராத தூக்கம் அங்கே வரும். கதவில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டையை மாட்டிவையுங்கள். அறையைச் சுத்தம் செய்யும் ஊழியரிடம் காலையிலேயே எந்நேரம் வரலாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் வேலை எளிதாகும்.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது எப்படி முடியும் என்று கேட்கலாம். பெரிய கப்பல்களில் பெரும்பாலும் மூன்று வயது முதல் சேர்த்துக்கொள்ளும் சிறுவர் மன்றம் இருக்கிறது. கழிவறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. முதல் நாளே பதிவு செய்து, பிள்ளையை அழைத்துச் சென்று அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். மறுநாள் அழாமல் போகும். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தையோடு வருபவர்கள், கணவனும் மனைவியும் முறைவைத்துக்கொள்வதே வழி: ஒருவர் குழந்தையோடு இருக்கும் இரண்டு மணி நேரம் மற்றவருக்கு முழுதாகச் சொந்தம், எந்தக் கேள்வியும் இல்லாமல். பாட்டி தாத்தா உடன் வந்திருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் தலையில் தானாக விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அது விடுமுறைதான்.

தலைசுற்றல் தொடங்கினால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உட்செவி அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத சுவரைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. ஆகவே அறைக்குள் போய்க் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுப்பது அதை மிகைப்படுத்தும். வெளியே நடுத்தளத்துக்கு வந்து, தொடுவானத்தில் கண்ணை நிறுத்தி, காற்றுப் படும்படி உட்காருங்கள். இஞ்சி மரப்பாவை மெல்லலாம், உப்பு ரொட்டி ஒன்றிரண்டு சாப்பிடலாம். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் குமட்டல் வரும் முன்பே எடுத்தால்தான் பலன். அது உறக்கம் தரும் என்பதாலும், வேறு மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்பதாலும், புறப்படும் முன் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். கர்ப்பிணிகள் 24 வாரத்தை எட்டியிருந்தால் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஏற்றிக்கொள்வதில்லை. அதற்குக் குறைவாக இருந்தாலும் மருத்துவர் கடிதம் கேட்கக்கூடும்.

நான்கு மணியளவில் உங்கள் இரண்டாவது இடத்துக்குப் போய் உட்காருங்கள். கப்பல் தேநீர் பெரும்பாலும் வெந்நீரும் தேயிலைப் பையுமாகத்தான் இருக்கும். நம் தே தாரிக்கை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாலைத் தனியாகச் சூடாகக் கேட்டு, இரண்டு பைகளைப் போட்டு, நன்றாகச் சாறு இறங்கவிட்டுக் குடித்தால் ஓரளவுக்குத் தேறும். குடிநீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் கப்பலிலேயே தயாரிக்கும் நீர் குடிக்கத் தகுந்தது, புட்டியில் நிரப்பிக்கொள்ளலாம்.

மாலையும் இரவும்

சூரியன் மறைவது 7 மணியை ஒட்டியே. அந்த நேரத்தில் முதல் பந்தி இரவு உணவும் இருக்குமென்பதால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உணவு நேரத்தை எட்டு மணிக்குத் தள்ளிவைக்க முடிகிற கப்பலில் அப்படியே செய்யுங்கள். மேடை நிகழ்ச்சி பார்க்க விரும்புவோர் பிற்பகலுக்கு முன்பே இருக்கையைப் பதிவு செய்துவிட்டால், வாசலில் வரிசை நிற்க வேண்டியிராது. ஒரே இரவில் மேடை நிகழ்ச்சி, சூதாட்டக் கூடம், இசை மண்டபம் என்று மூன்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சூதாட்டக் கூடத்தைப் பொறுத்தவரை என் ஆலோசனை எளிது: அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்றாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

படுக்கும் முன் வெளித்தளத்துக்கு ஒருமுறை போய் வரலாம். பின்பக்கத்தில், கப்பலின் விளக்கு வெளிச்சம் குறைந்த மூலையாகப் பார்த்து நின்றால் சிங்கப்பூரில் காண முடியாத அளவுக்கு விண்மீன்கள் தெரியும். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை கைப்பேசியைத் திறக்காதீர்கள்.

கடல் நாள் பயணத்தின் கடைசி நாளாக அமைந்துவிட்டால், இரவில் இரண்டு வேலைகள் கூடும். பெரிய பெட்டிகளை அடையாள அட்டை கட்டி, அறிவித்த நேரத்துக்குள் அறை வாசலில் வைக்க வேண்டும். மறுநாள் உடுத்தும் உடை, மருந்து, கடப்பிதழ் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். அடுத்து, கப்பல் கணக்கை அறைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ சரிபாருங்கள். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஊழியர் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருக்கும், அது வழக்கமானதே. நீங்கள் வாங்காத ஏதேனும் அதில் இருந்தால் அன்றிரவே வரவேற்பு முகப்புக்குப் போய்ச் சொல்லுங்கள், ஏனெனில் காலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தந்தால், வேலைக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லாதவர்கள் கடைசிக் குழுக்களுள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் கூட்டம் இறங்கிச் சென்றபின் உணவு மண்டபத்தில் இடம் தாராளமாக இருக்கும், காலைச் சிற்றுண்டியை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.